பழைய மோட்டார்ஹோமின் டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும்: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

ஜிஎம்சி மோட்டார்ஹோமின், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியின், ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்காரும் எவரும் முதலில் பேசுவது முன்கண்ணாடியைப் பற்றித்தான். சாலை மொத்தமும் மடியில் வந்து விழுவது போல அவ்வளவு அகலம். டேஷ்போர்டைக் கெடுத்ததும் அதே கண்ணாடிதான். ஐம்பது வருட வெயில் அதன் வழியாக இறங்கி, ரெக்ஸினில் இருந்த எண்ணெய்ப் பசையை உறிஞ்சி, பிளாஸ்டிக்கை அப்பளமாக்கி வைத்திருக்கிறது.

இந்த வண்டிகள் 1973 முதல் 1978 வரை மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பான்டியாக் நகரில் தயாரானவை, மொத்தம் 12,921. 23 அடி, 26 அடி என்று இரண்டு நீளம். ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ காரின் 455 கன அங்குல எஞ்சினை வைத்து முன்சக்கரங்களை ஓட்டினார்கள். 1977 நடுவிலிருந்து 403 கன அங்குல எஞ்சின் வந்தது. என்னிடம் இருப்பது 1976 வண்டி, 26 அடி. எஞ்சினையும் பிரேக்கையும் வேறு ஆட்கள் பார்த்துக் கொடுத்தார்கள். டேஷ்போர்டையும் ஸ்டீயரிங்கையும் நானே செய்தேன், செய்யும்போது தவறியும் இருக்கிறேன். வண்டி ஓட்டும்போது கை இருப்பது ஒன்றில், கண் போவது இன்னொன்றில். அதனால் இந்த இரண்டையும் சரியாகச் செய்துவிட்டால் வண்டியே உங்களுடையதாகிவிட்ட உணர்வு வரும். வின்னபேகோ போன்ற அந்தக் கால மற்ற வண்டிகளுக்கும் டேஷ்போர்டு வேலை இதேதான். ஸ்டீயரிங் பகுதியில் நான் தரும் அளவுகள் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ், ஜிஎம்சியின் தாய் நிறுவனம்) ஸ்டீயரிங் தண்டுக்கானவை.

வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஸ்டீயரிங் முதலில் கழற வேண்டும், கடைசியில் ஏற வேண்டும். அது இருக்கும்வரை மீட்டர் பகுதியை வெளியே இழுக்க இடம் கிடைக்காது. டேஷ்போர்டு முடியும் முன்பே புது ஸ்டீயரிங்கை மாட்டினால் அதன் மேலேயே பெயிண்ட் தெறிக்கும்.

கரண்டும் கேஸும்

மோட்டார்ஹோமில் பேட்டரி ஒன்றல்ல. எஞ்சினுக்கு ஒன்று, வீட்டுப் பகுதிக்கு ஒன்று. இரண்டின் நெகட்டிவ் ஒயரையும் கழற்றுங்கள். அதோடு முடியவில்லை. வெளியிலிருந்து கரண்ட் ஒயர் செருகியிருந்தால் உள்ளே இருக்கும் கன்வர்ட்டர் 12 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதையும் பிடுங்கிவிடுங்கள். ஜெனரேட்டர் ஓடக்கூடாது.

கேஸ் விஷயம் இதைவிட முக்கியம். இந்த வண்டிகளின் ஃப்ரிட்ஜ், ஹீட்டர், வெந்நீர்க் கொதிகலன் போன்றவை புரொப்பேன் கேஸில் ஓடுபவையாக இருக்கலாம். அவற்றின் பைலட் சுடர் எங்கோ ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கும். அது எரியும்போது உள்ளே உட்கார்ந்து அசிட்டோனோ ஸ்ப்ரேயோ எடுப்பது உயிரோடு விளையாடுவது. கேஸ் டேங்கின் வால்வை மூடி, எல்லாச் சுடரும் அணைந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். முடிந்தவரை துண்டுகளை வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தே வேலை செய்யுங்கள். சாதாரணத் தூசி முகமூடி பெயிண்ட் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிஜ் மாட்டிய முகமூடி வேண்டும்.

ஸ்டீயரிங்கைக் கழற்றுவது

1970-களின் இந்த வண்டிகளில் ஏர்பேக் கிடையாது. அதனால்தான் இதை வீட்டிலேயே செய்யலாம் என்று தைரியமாகச் சொல்கிறேன். ஏர்பேக் உள்ள புதிய வண்டிக்கு இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

வண்டியைச் சமதளத்தில் நேராக ஓட்டி வந்து நிறுத்துங்கள். சக்கரம் நேராக நிற்பதும், சாவி ஸ்டீயரிங்கைப் பூட்டாத நிலையில் இருப்பதும் முக்கியம். நடுவில் இருக்கும் ஹாரன் மூடியை நெம்பினால் வந்துவிடும். சில மாடல்களில் பின்பக்கமிருந்து ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். அதன் கீழே ஹாரன் ஒயர் முனை ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்கும். லேசாக அழுத்தித் திருப்பினால் கழன்று வரும். ஸ்பிரிங் துள்ளி ஓடக்கூடியது என்பதால் விரலால் மூடிக்கொண்டே எடுங்கள்.

இப்போது நடுவில் பெரிய நட்டு தெரியும். அதன் மேல் ஒரு ஸ்னாப் ரிங் (நட்டு கழன்றுவிடாமல் பிடிக்கும் வளையம்) இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். நட்டுக்கு 13/16 இஞ்ச் சாக்கெட், அல்லது 21 மில்லிமீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். கழற்றுவதற்கு முன் தண்டின் முனையிலிருந்து ஸ்டீயரிங் மையம் வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். திரும்பப் பொருத்தும்போது அந்தக் கோடு இல்லாமல் தவிக்காதவர்களை நான் பார்த்ததில்லை.

நட்டை முழுவதும் கழற்றக்கூடாது. இரண்டு மூன்று சுற்று தளர்த்தி அப்படியே விட்டுவிடுங்கள். காரணம் இது: ஸ்டீயரிங் தண்டின் பற்களில் பல வருடமாக இறுகிப் பிடித்திருக்கிறது. அதை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரை முறுக்க முறுக்க ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். கை வலிக்கும், போல்ட் முனகும். பிறகு துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தத்தோடு மொத்தமும் ஒரே நொடியில் விடுபடும். நட்டு இல்லாவிட்டால் அந்த நொடியில் ஸ்டீயரிங் உங்கள் தாடையைத் தேடி வரும். நட்டு இருந்தால் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும்.

புல்லர் என்பது ஒரு இரும்புப் பட்டையும் நடுவில் ஒரு பெரிய போல்டும்தான். கார் உதிரிபாகக் கடைகளில் பல இடங்களில் முன்பணம் கட்டினால் இரவலாகவே தருவார்கள். ஸ்டீயரிங் மையத்தில் நட்டின் இரு பக்கமும் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும். ஜிஎம் வண்டிகளில் அவற்றுக்கு 5/16 இஞ்ச், இஞ்சுக்கு 18 மரை உள்ள போல்ட் பொருந்தும். நாலைந்து சுற்று உள்ளே போனால் போதும். ஆழமாக முறுக்கினால் பின்னால் இருக்கும் இண்டிகேட்டர் பாகங்களைக் குத்திவிடும்.

சுத்தியலை எடுக்கவே கூடாது. ஜிஎம் 1967 மாடல்களிலிருந்து, விபத்தில் மார்பில் மோதினால் சுருங்கிக்கொள்ளும் ஸ்டீயரிங் தண்டை வைக்கத் தொடங்கியது. அந்தச் சுருக்கத்தைத் தாங்கி நிற்பவை உள்ளே ஊற்றப்பட்ட சிறு பிளாஸ்டிக் முளைகள். தண்டின் தலையில் ஓங்கி அடித்தால் அந்த முளைகள் உடையும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் ஸ்டீயரிங் லேசாக ஆடத் தொடங்கும். பிறகு தண்டையே பிரிக்க வேண்டிய வேலை.

டேஷ்போர்டைப் பிரிப்பது

ஒரு பெரிய அட்டையில் டேஷ்போர்டின் படத்தைக் கையால் வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் அட்டையிலேயே குத்தி வையுங்கள். கைபேசியில் எடுக்கும் படம் போதாதா என்று கேட்கலாம். படம் ஒயர்களுக்கு உதவும். ஆனால் முக்கால் இஞ்ச் ஸ்க்ரூவுக்குப் பதில் ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூவைப் போட்டு, பின்னால் ஓடும் ஒயர் கற்றையைத் துளைப்பதை அது தடுக்காது.

ஒயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி இரண்டு முனையிலும் ஒட்டுங்கள். ஏசி, ஹீட்டர் காற்றைத் திருப்பும் மூடிகள் அந்தக் கால ஜிஎம் வண்டிகளில் வெற்றிடக் குழாயால் இயங்குபவை. குழாய்களின் நிறக் கோடுகள் மங்கிப்போயிருக்கும் என்பதால் நிறத்தை நம்பாமல் எண் போடுங்கள்.

மீட்டர் பகுதியை மெதுவாக ஒரு கையளவு முன்னால் இழுத்து, பின்னால் கையை விட்டு வேகமானி கேபிளின் பிடியை அழுத்தி விடுவியுங்கள். மீட்டரின் முதுகில் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செப்புக் கோடுகள் ஓடினால் அதுதான் அந்தக் காலத்து மின்சுற்று. காய்ந்து போயிருக்கும், மடக்கினால் கோடு அறுந்துவிடும். பல்பு ஹோல்டர்களைத் திருகும்போது அந்தத் தாளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் வந்தபின் பழைய பல்புகளை மாற்றாமல் மூடுவது வீண். ஆனால் சார்ஜ் எச்சரிக்கை விளக்கு இருந்தால் அதில் மட்டும் எல்ஈடி போடாதீர்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் அந்தக் கால ஜிஎம் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வது அந்தப் பல்பின் வழியாகப் போகும் சிறு மின்னோட்டத்தால்தான்.

எர்த் ஒயர் ஒவ்வொன்றையும் எங்கே கழற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள். உடம்பின் பல பகுதிகள் கண்ணாடி இழையாக இருக்கும் வண்டி இது. எங்கேயாவது தொட்டுக்கொண்டிருந்தால் எர்த் கிடைத்துவிடும் என்ற இரும்புக் கார் கணக்கு இங்கே செல்லாது.

கழுவுவதுதான் பாதி வேலை

இதைத்தான் நான் அதிக நேரம் பேச விரும்புகிறேன். டேஷ்போர்டு பெயிண்ட் உரிந்துவிட்டது என்று வருத்தப்படுபவர்கள் பெரும்பாலும் பெயிண்டைத்தான் குறை சொல்வார்கள். குறை அடியில் இருக்கிறது.

இந்த வண்டிகள் நாலைந்து கை மாறி வந்தவை. ஒவ்வொரு சொந்தக்காரரும் விற்பதற்கு முன் டேஷ்போர்டில் பளபளப்புத் திரவம் தடவியிருப்பார். அந்தத் திரவங்கள் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அது ரெக்ஸினின் நுண்துளைகளில் இறங்கி வருடக்கணக்கில் தங்கிவிடும். என் வண்டியின் கையுறைப் பெட்டி மூடியை நான் சோப்புப் போட்டு ஒரு முறை கழுவி, காயவைத்து, உற்சாகமாக முதல் கோட்டு அடித்தேன். ஒரு நிமிடம் அழகாக இருந்தது. பிறகு நடுவில் மிளகு அளவுக்கு ஒரு வட்டத்திலிருந்து பெயிண்ட் தானாக விலகியது. பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடி முழுவதும் அம்மைத் தழும்பாகிவிட்டது. எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, திரும்ப ஆரம்பிக்க ஒரு நாள் போயிற்று.

இப்போது நான் செய்யும் முறை இது. பாத்திரம் தேய்க்கும் சோப்பைச் சூடான நீரில் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் சுரசுரப்பின் பள்ளங்களுக்குள் தேய்த்து, கழுவி, மறுபடி தேய்க்கிறேன். நுரை பழுப்பாக வருவது நிற்கும்வரை இதுதான். மூன்று நான்கு முறை ஆகும். நன்றாகக் காய்ந்தபின், பெயிண்ட் கடைகளில் மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவம் என்று கேட்டால் தருவார்கள், அதை ஒரு துணியில் நனைத்து ஒரு கை அகலத்துக்குத் துடைத்து, அது ஆவியாகும் முன்பே மற்றொரு கையில் இருக்கும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறேன். இரண்டாவது துணிதான் முக்கியம். தானாகக் காயவிட்டால் கரைந்து மேலே வந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படிந்துவிடும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். கடைசியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. தகடு போலப் பரவினால் சரி.

அதன்பிறகு சாம்பல் நிறத் தேய்ப்புப் பட்டையால் லேசாகத் தேய்த்து மினுமினுப்பை மட்டும் எடுங்கள். சுரசுரப்பு உள்ள பரப்பில் உப்புத்தாள் வேண்டாம். அந்தத் தோல் போன்ற வடிவம் ஒரு முறை போனால் திரும்ப வராது. தட்டையான, வழவழப்பான பட்டைகளுக்கு 320 அல்லது 400 நம்பர் உப்புத்தாள் போதும்.

விரிசல்களுக்குப் பட்டி பார்ப்பது

எந்தப் பொருள் என்று தெரியாமல் பட்டி பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வையுங்கள். பரப்பு இளகிப் பிசுபிசுத்தால் ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஒன்றும் ஆகாமல், பின்னால் நார் நாராகத் தெரிந்தால் கண்ணாடி இழை. அழுத்தினால் உள்ளே பஞ்சு போல அமுங்கினால் நுரையின் மேல் ரெக்ஸின்.

ஏபிஎஸ் துண்டுகளை ஒட்டுவது மனத்துக்கு நிறைவான வேலை. அதே பிளாஸ்டிக்கின் துணுக்குகளை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு அசிட்டோன் ஊற்றி ஒரு இரவு மூடி வைத்தால் கூழாகிவிடும். துணுக்குக்கு எங்கே போவது என்றால், குழந்தைகளின் லெகோ கட்டைகள் ஏபிஎஸ்தான். விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போடுங்கள். இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். விரிசலைக் கத்தியால் ஆங்கில வி எழுத்து போலக் கீறி, பின்பக்கம் கண்ணாடி இழை வலை வைத்து, கூழைப் பூசி அழுத்துங்கள். இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். காய்ந்ததும் சுருங்கும், அதனால் இரண்டாவது பூச்சு தேவைப்படும். கண்ணாடி இழைக்கு வழக்கமான ரெசின், நார்த்துணி, மேலே கார்ப் பட்டி.

நுரை மேல் இருக்கும் ரெக்ஸினில் ஒன்றிரண்டு விரிசல் என்றால் வளைந்து கொடுக்கும் வகைப் பட்டி பார்க்கலாம். ஓரமெல்லாம் சுருண்டு, நுரை மஞ்சள் பொடியாக உதிர்ந்தால் அதன்மேல் பெயிண்ட் அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள். சீட் தைப்பவரிடம் கொடுத்துப் புது நுரையும் ரெக்ஸினும் போடச் சொல்லுங்கள். செலவு அதிகம்தான், ஆனால் முன்கண்ணாடிக்குக் கீழே அது ஒன்றுதான் நிற்கும்.

வண்ணம்

வீட்டுச் சுவர் பெயிண்டோ, சாதாரண ஸ்ப்ரே டப்பாவோ ஆகாது. ரெக்ஸினும் பிளாஸ்டிக்கும் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும். கூடவே வளையும் பூச்சு வேண்டும். ரெக்ஸினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்றே விற்பவை உண்டு. எஸ்இஎம் நிறுவனத்தின் கலர் கோட் அமெரிக்காவில் எளிதாகக் கிடைக்கிறது. அசிட்டோனுக்கு அசையாத, மெழுகு போல வழுக்கும் பிளாஸ்டிக் துண்டுகளுக்கு அடியில் ஒட்டுமானத் திரவம் ஒரு கோட்டு தேவை.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு அட்டைத் துண்டில் அந்த நிறத்தை அடித்து, மத்தியான வெயிலில் டேஷ்போர்டின் மேல்பரப்பில் வைத்துவிட்டு, இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைப் பாருங்கள். வெளிர் நிறமாக இருந்தால் அந்த அட்டையே கண்ணாடியில் மிதக்கும். சாலையைப் பார்க்க முடியாமல் கண் தடுமாறும். பழைய படங்களில் வெளிர்பழுப்பு டேஷ்போர்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், மேல்பரப்புக்கு மினுக்கில்லாத அடர் நிறம்தான் பாதுகாப்பு. கீழ்ப்பகுதிகளில் உங்கள் ஆசை நிறத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

அடிப்பது எப்படி? 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், டப்பாவையும் சற்று வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு, ஒரு சாண் தூரத்திலிருந்து பனி படிவது போல மெல்லிய கோட்டு. முதல் கோட்டில் அடிப்பரப்பு தெரியத்தான் வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. நான்கு மெல்லிய கோட்டுகள், சுரசுரப்பின் பள்ளத்தை நிரப்பிவிடும் ஒரு தடித்த கோட்டைவிட எப்போதும் மேல். மிச்சிகன் குளிர்காலத்தில் கராஜுக்குள் ஹீட்டர் போட்டு அடிக்க நினைப்பவர்கள் அந்த ஹீட்டரில் சுடர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வசந்தம் வரை காத்திருங்கள்.

தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரமே வந்துவிடும். ஆனாலும் இரண்டு நாள் அப்படியே வைத்துவிட்டுத்தான் நான் ஸ்க்ரூ போடுவேன். மரக்கோடு போட்ட பழைய ஸ்டிக்கர் பட்டைகளுக்குப் பதில் மெல்லிய வால்நட் மரத்தகடோ அலுமினியத் தகடோ வெட்டி ஒட்டலாம். பழைய பட்டையையே அளவுக்கு வைத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டுவது அட்டையைப் பார்த்துப் பின்னோக்கிப் போவதுதான். மூடும் முன் பேட்டரியை ஒரு முறை மாட்டி எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி கழற்றிவிடுங்கள்.

புது ஸ்டீயரிங்

சின்ன ஸ்டீயரிங் பார்க்க அழகு; தொடைக்கும் இடம் கிடைக்கும். ஆனால் பெரிய வண்டியில் எஞ்சின் அணைந்து பவர் ஸ்டீயரிங் போய்விட்டால் கையில் மிஞ்சுவது வட்டத்தின் அகலம் மட்டுமே. 15 இஞ்சுக்குக் குறைய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று, மீட்டர் மறைகிறதா என்பது. அட்டையில் அதே அளவு வளையம் வெட்டி, தண்டின் முன் பிடித்து, வேகமானி தெரிகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பழையதே பிடித்திருக்கிறது, விரிசல்தான் பிரச்சினை என்றால், விரிசலைக் கீறி எபாக்ஸி நிரப்பித் தேய்த்து பெயிண்ட் அடித்தோ, மேலே தோல் உறையைக் கையால் தைத்தோ காப்பாற்றலாம்.

கடை ஸ்டீயரிங் நேரடியாகத் தண்டில் ஏறாது. இடையில் ஒரு அடாப்டர் வேண்டும். கிரான்ட் போன்ற நிறுவனங்கள் ஜிஎம் தண்டுக்கு விற்கின்றன. வாங்கும் முன் உங்கள் தண்டின் பற்களை எண்ணுங்கள். 1969-க்குப் பிந்தைய ஜிஎம் தண்டுகளில் பொதுவாக 36. நட்டின் மரையையும் பழைய நட்டை வைத்தே ஒப்பிடுங்கள். 1970-களின் பிற்பகுதியில் இஞ்ச் மரையிலிருந்து மில்லிமீட்டர் மரைக்கு மாறிய காலம் அது. நட்டு விரலாலேயே நாலு சுற்று ஏற வேண்டும். ஸ்பேனர் போட்டால்தான் ஏறும் என்றால் அது உங்கள் நட்டு இல்லை.

இண்டிகேட்டர் கம்பியை நடுவில் வையுங்கள். தண்டில் இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தின் ஹாரன் குழாய், அடாப்டரின் துளைக்குள் நுழைய வேண்டும். திருப்பம் முடிந்ததும் இண்டிகேட்டரை அணைப்பதும் அந்த வளையம்தான்; நசுக்கிவிட்டால் இரண்டும் போகும். வெள்ளைக் கோட்டைப் பார்த்து அடாப்டரை ஏற்றி, நட்டைப் போட்டு, டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். ஜிஎம் தண்டுகளுக்கு வழக்கமான அளவு 30 அடி-பவுண்டை ஒட்டியது, அதாவது சுமார் 40 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு சொன்னால் அதையே கேளுங்கள். ஸ்னாப் ரிங் இருந்திருந்தால் திரும்ப மாட்டுங்கள். ஸ்டீயரிங்கை அடாப்டரோடு சேர்க்கும் சின்ன போல்ட்களுக்கு நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு.

பேட்டரியை மாட்டும்போதே ஹாரன் அலறினால் ஹாரன் ஒயர் எங்கோ உலோகத்தைத் தொடுகிறது. பேட்டரியைக் கழற்றி, ஒயரை மூடி மறுபடி பாருங்கள். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே இடது கடைசியிலிருந்து வலது கடைசி வரை திருப்புங்கள். உரசல் சத்தம் வரக்கூடாது. இரண்டு பக்க இண்டிகேட்டரும் தானாக அணைய வேண்டும். காலியான நேரான சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் கோணலாக நின்றால், 36 பல்லுக்கு ஒரு பல் 10 டிகிரி என்று கணக்கு. அந்த அளவுக்குச் சாய்ந்திருந்தால் கழற்றி ஒரு பல் தள்ளிப் போடுங்கள். அதைவிடக் குறைவான சாய்வை வீல் அலைன்மென்ட் செய்பவரிடம் விட்டுவிடலாம்.

நூறு மைல் ஓடியபின் பேட்டரியைக் கழற்றி, ஹாரன் மூடியைத் திறந்து, நட்டின் மேல் டார்க் ரெஞ்சை இன்னொரு முறை வையுங்கள். என்னுடையது அப்போது ஒரு இழை அளவுக்கு இறுகியது. அதற்கப்புறம் அது அசையவில்லை.